ரிப்போர்ட்டின் கடைசி நான்கு வரிகள்

தாம்பரத்து ஸ்கேன் சென்டரில் கவரை நீட்டிய பெண், கூட வந்தவர் யார் என்று கேட்டாள். நான்தான் என்றதும் என் கையில் கொடுத்தாள். யாருடைய மூளையைப் படம் பிடித்தார்களோ அந்த மனிதர், என் கணவர், பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். நம் ஊரில் எந்த ரிப்போர்ட்டும் கூட வந்தவருக்குத்தான். ஆட்டோவில் ஏறும்போது, என்ன போட்டிருக்கிறது என்றார். பயப்பட ஒன்றுமில்லையாம் என்றேன். அதுவரை நான் கவரைப் பிரிக்கவே இல்லை.

கொஞ்ச நாளாகவே அவருக்குத் தலைவலி. நடக்கும்போது வலது தோள் கதவு நிலையில் போய் இடிக்கும். கண்ணாடி சரியில்லை என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெரு டாக்டர்தான் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். குரோம்பேட்டைக்கு வரும் மூளை டாக்டரைத் திங்கட்கிழமைதான் பார்க்க முடியும். அன்று சனிக்கிழமை.

அவர் குளிக்கப் போனதும் பிரித்தேன். கடைசியில் ‘இம்ப்ரெஷன்’ என்று போட்டு நான்கு வரி. மூளையின் இடது பக்கம், பின்புறம், ஒரு ‘லீஷன்’, அதாவது ஏதோ பழுது, சுற்றிலும் வீக்கம். கட்டியாக இருக்கலாம், ரத்தம் அடைத்த இடமாக இருக்கலாம், கிருமியாகவும் இருக்கலாம், மேற்கொண்டு பரிசோதிக்கவும். இதைச் சொல்ல ஒரு மெஷினா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நானும் பி.எஸ்ஸி. படித்தவள்தான். ஒவ்வொரு சொல்லாகப் போனில் தேடினேன். ஓர் இடத்தில் மாத்திரையில் சரியாகும் என்றிருந்தது. அடுத்த இடத்தில் எத்தனை மாதம் தாங்கும் என்று எழுதியிருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சத்தம் வராமல் அழுதேன். அவர் பிழைப்பாரா என்று கேட்க எனக்கு ஆள் இல்லை.

கீழ்க்கட்டளையில் இருக்கும் நாத்தனாருக்கு அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். தெரிந்த டாக்டர் யாரிடமாவது காட்டு, அவருக்கு எதுவும் தெரியாது, வாயைத் திறக்காதே என்றும் எழுதினேன். மகராசி வாயைத் திறக்கவில்லைதான். சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஃபார்வர்டு செய்து, கீழே ‘அண்ணனுக்குத் தெரியாது’ என்று போட்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே காலிங்பெல் அடித்தது. கதவைத் திறந்தது அவர்தான். உடம்பு சரியில்லாதவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதே! ஊரப்பாக்கத்துச் சித்தப்பா ஒரு பை சாத்துக்குடியோடு நின்றார். பின்னாலேயே குன்றத்தூர் அத்தை, மலைக்கோயில் விபூதியோடு. நாத்தனார் கண்ணெல்லாம் வீங்கி வந்தாள். மூன்று பேரும் சும்மா இந்தப் பக்கம் வந்ததாகச் சொன்னார்கள்.

நான் அவர்களைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். உடனே ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்றாள் நாத்தனார். மண்டையில் கத்தியே வைக்கக் கூடாது என்றார் அத்தை. இடது பக்கம் என்றால் ஆபத்தில்லை என்றார் சித்தப்பா. எதை வைத்துச் சொன்னார் என்பது அந்த முருகனுக்கே வெளிச்சம். ஆனாலும் அந்த ஒரு வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தால் என் கணவர் சமையலறை வாசலில் நிற்கிறார்.

“எனக்குத்தானே எல்லாரும் வந்திருக்கீங்க? அந்த ரிப்போர்ட்டை எடு.”

அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்த கவரை எடுத்துக் கொடுத்தேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பாடம் எடுத்தவர். இனி மறைக்க என்ன இருக்கிறது, அந்த நான்கு வரியை அவரே படித்துவிடப் போகிறார். படித்து முடித்ததும் அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பக்கத்தில் போய் நின்றேன்.

அவர் காகிதத்தைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார், தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, யாரும் அணைக்கவில்லை.

பிறகு என் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: “எழுத்தெல்லாம் நல்லாத்தான் தெரியுது. படிக்க வரமாட்டேங்குது.”

எத்தனை நாளாக இப்படி என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“இதுல என் பேர் எங்க போட்டிருக்கு?” என்றார்.

போனில் தேடித் தேடியும் பிடிபடாத அந்த நான்கு வரியும் அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. பெயர் மேலேயே, முதல் வரியில், பெரிய எழுத்தில் இருந்தது. அவர் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன்.

“இதுவா?” என்றார்.