நுரையண்ணனின் வெள்ளைத் தட்டு

ஒரு மனிதர் முப்பத்தொரு வருஷம் நுரையைப் பார்த்தே சம்பளம் வாங்கினார் என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். சிரியுங்கள், தப்பில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனாரே சிரித்தவர்தான். "சோப்புக் கம்பெனியா மாப்ள?" என்று கேட்டார். இல்லை, சுரங்கம். பூமிக்கு அடியில் ஒன்பது மட்டம் இறங்கிக் கல்லை உடைத்து மேலே அனுப்புகிறார்களே, அந்தக் கல்லுக்குள் ஈயமும் துத்தநாகமும் கொஞ்சம் செம்பும் பேருக்கு வெள்ளியும் கட்டிப்பிடித்துக் கிடக்கின்றன. அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து எடுப்பதுதான் மேலே ஆலையில் வேலை. அந்த ஆலையில் அவருக்குப் பெயர் நுரையண்ணன். வீட்டில் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

கல்லை மாவு மாதிரி அரைத்துத் தண்ணீரில் கரைத்து, பெரிய இரும்புத் தொட்டிகளில் விடுவார்கள். அதில் மருந்தைச் சொட்டவிட்டு அடியிலிருந்து காற்றை ஊதினால் நுரை பொங்கும். உலோகத்தூள் நுரையோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்து வழியும், வெறும் கல் அடியோடு கழிவாகப் போய்விடும். முதல் தொட்டி வரிசையில் ஈயம், அடுத்ததில் துத்தநாகம். கேட்கச் சுலபம்தான், செய்து பார்த்தால் தெரியும். மருந்து ஒரு சொட்டுக் கூடினால் கல்லும் சேர்ந்து மிதக்கும், ஒரு சொட்டுக் குறைந்தால் காசு கழிவோடு போகும். நுரையண்ணன் தொட்டி ஓரத்தில் நின்று, நுரையை இரண்டு விரலால் கிள்ளித் தேய்த்துப் பார்த்து, "இன்னிக்கு இதுக்குக் கோவம், காத்தைக் குறைங்கப்பா" என்பார். குறைத்தால் சரியாகிவிடும். படித்து வந்த இன்ஜினியர்களும் மீட்டரைப் பார்த்துவிட்டு அவர் முகத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள்.

அவரிடம் ஒரு வெள்ளைப் பீங்கான் பூச்சுத் தட்டு இருந்தது. விளிம்பில் இரண்டு இடத்தில் பூச்சு பெயர்ந்த பழைய தட்டு. மணிக்கு ஒரு தடவை கழிவு ஓடும் இடத்தில் அதை முக்கி எடுத்து, சுற்றிச் சுற்றி அலசுவார். கல் தூள் தண்ணீரோடு போய்விடும். உலோகம் தப்பியிருந்தால் கனத்தில் அடியில் தங்கி, தட்டின் ஓரத்தில் புருவம் தீட்டியது போல ஒரு கறுப்புக் கோடு நிற்கும். கோடு இல்லையென்றால் எல்லாம் நல்லபடி. லேப்பிலிருந்து காகிதம் வர மறுநாள் ஆகும், தட்டுக்கு அரை நிமிஷம் போதும். தட்டு பொய் சொன்னதே இல்லை. வீடு வாசல் என்று அவர் பெரிதாக ஒன்றும் சேர்த்து வைக்கவில்லை. "நுரையண்ணன் சொன்னா சரியா இருக்கும்" என்ற பேச்சு ஒன்றுதான் அவர் சம்பாதித்த சொத்து. அதற்குத்தான் வந்தது ஆப்பு.

ஒரு மாதம் ஆலை சூப்பிரண்டு அவரைக் கூப்பிட்டார். கீழே சுரங்கத்தில் எடுத்த சாம்பிளின்படி கல்லில் இருக்க வேண்டிய துத்தநாகம் ஒரு காகிதத்தில் இருந்தது. ஆலை பிரித்துக் கொடுத்தது இன்னொரு காகிதத்தில் இருந்தது. நூறில் பதினைந்து பங்கு காணோம். "பாத்துப் பண்ணுங்க" என்றார் சூப்பிரண்டு. அடுத்த மாதம் நூறில் இருபது காணோம்.

நுரையண்ணன் பதறிப்போனார். மருந்தைக் கூட்டினார், குறைத்தார். காற்றை மாற்றினார். தட்டைக் கழுவிக் கழுவிப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. அப்படியானால் கண்தான் போய்விட்டது என்று கண் டாக்டரிடம் ஓடினார். கண்ணாடி மாற்றினார். புதுக் கண்ணாடியிலும் தட்டு வெள்ளையாகத்தான் இருந்தது. ராப்பகலாக யோசனை. சாப்பாட்டுத் தட்டைக் கழுவும்போதும் சாய்த்துப் பார்க்கிறார் என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு நாள் காலை ஷிப்டில் ஒரு யோசனை வந்தது. இத்தனை வருஷமும் கழிவு போகிற வாயில்தானே தட்டைப் பிடித்தோம், கல் வருகிற வாயில் பிடித்தால் என்ன? அரைத்த கூழ் தொட்டிக்குள் விழும் இடத்தில் தட்டை முக்கி அலசினார். கீழிருந்து வந்த காகிதக் கணக்குப்படி இரண்டு விரல் கனத்துக்கு நிற்க வேண்டிய கறுப்பு, ஒரு விரல் கனம்கூட நிற்கவில்லை. பத்து தடவை பார்த்தார். பத்து தடவையும் அதே கதை. "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்! அடப்பாவிகளா!" என்று கத்தினார். பம்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

உலோகம் தொலையவில்லை, வரவே இல்லை. கீழே சாம்பிள் எடுக்கிறவன் எழுதி அனுப்பியதுதான் பொய். கீழே சாம்பிள் எடுக்கிறவன் யார்? வேறு யாருமில்லை, அவருடைய மனைவியின் கூடப்பிறந்த தம்பி. எந்நேரமும் இடுப்பில் சுத்தியலோடு திரிவதால் அவனைச் சுத்தியல் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வேலைக்கு அவனைச் சிபாரிசு செய்ததும் நம்ம நுரையண்ணன்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டது போல.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சுத்தியல் சாப்பிட வந்தான். சாப்பிட்டு முடிக்கும்வரை நுரையண்ணன் பொறுத்தார். பிறகு கேட்டார்.

"மாப்ள, பாறையில சாம்பிள் எப்படி எடுக்கிற?"

"என்ன மாமா புதுசா கேக்குறீங்க? இடுப்பு உயரத்துல சிவப்புப் பெயின்ட்டுல கோடு போடுவேன். இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் கோட்டு மேல கொத்திப் பையில போடுவேன்."

"கோட்டு மேல மட்டுமா?"

சுத்தியல் சிரித்தான். கள்ளச் சிரிப்பு இல்லை, வெகுளிச் சிரிப்பு.

"கோட்டுக்கு மேல கீழ நல்லா மினுங்குற கல்லு இருந்தா ரெண்டு சேர்த்துப் போடுவேன். எல்லாரும் பண்றதுதானே. ஒன்பதாம் மட்டத்துக் கடைசியில சத்து குறைஞ்சுபோச்சு மாமா. உள்ளதை எழுதினா மறுநாளே அந்த இடத்தை மூடிருவாங்க. பதினோரு பேரு அங்க வேலை பாக்குறாங்க, எல்லாம் புள்ளகுட்டிக்காரங்க. 'அந்த மினுங்குறதை எடுய்யா, புண்ணியமாப் போகும்'னு கையைப் புடிச்சுக் கெஞ்சுறாங்க. நான் என்ன கல்நெஞ்சுக்காரனா?"

"அவங்களுக்குப் புண்ணியம். எனக்கு?"

"உங்களுக்கு என்ன மாமா?"

நுரையண்ணன் சொன்னார். காணாமல் போன துத்தநாகமெல்லாம் தன் தலையில் விடிந்திருக்கிறது என்று சொன்னார். சுத்தியலின் முகம் வெளிறிவிட்டது. அவனுக்கு அது தோன்றவே இல்லையாம். கல் மேலே போனதோடு தன் வேலை முடிந்தது என்று இருந்திருக்கிறான். தான் பையில் போட்ட மினுக்கல் மேலே ஒரு மனிதனுடைய கழுத்துக்குக் கயிறாகும் என்று அந்த மடையனுக்கு எப்படித் தெரியும்!

"நாளைக்கே சூப்பிரண்டுகிட்ட சொல்லப் போறேன்" என்றார் நுரையண்ணன்.

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி ஈரக்கையோடு வந்து நின்றாள். "என்னங்க, அவன் வேலை போயிரும். கேஸ் போட்டாலும் போடுவாங்க. ரெண்டு பொண்ணு வச்சிருக்கான். உங்களுக்கு முப்பது வருஷப் பேரு இருக்கு. ரெண்டு மாசக் கணக்கு இடிச்சா அந்தப் பேரு போயிருமா? அவனுக்கு என்ன இருக்கு சொல்லுங்க. என் தலை மேல கை வச்சு, சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

அவர் கையை அவளே எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். தலை சூடாக இருந்தது. "சரி விடு" என்றார்.

பத்து நாள் கழித்து சூப்பிரண்டு மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை. மேஜைக்குப் பக்கத்தில் ஆபீஸ் ஆள் ஒருவர் எழுதுவதற்குத் தயாராக இருந்தார்.

"கழிவுல போயிருக்குன்னு பாத்தா, லேப்ல கழிவு சுத்தமா இருக்குங்கறாங்க. கழிவு சாம்பிளை எடுத்துக் குடுக்கிறது யாரு?"

"நான்தான் சார்."

"அப்போ சாம்பிள்லயும் உங்க கைவரிசையா? தப்பை மறைக்கத் தண்ணி ஊத்திக் குடுத்தீங்களா?"

முப்பத்தொரு வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தையை அவர் கேட்டதில்லை. வேலை தெரியாதவன் என்று திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இது திருடன் என்று சொல்வதல்லவா!

"சார், வர்ற கல்லுலயே சத்து இல்ல. என் தட்டுல பாத்தேன். கீழ எடுக்கிற சாம்பிளையும் ஒரு தடவை பாருங்க சார்."

சூப்பிரண்டு நாற்காலியில் சாய்ந்தார். "கீழ எடுக்கிறது உங்க மச்சான்தானே? அவன் தப்பா எடுக்குறான்னு சொல்றீங்களா? சொல்லுங்க, இப்பவே விசாரிக்கிறேன். இவரு எழுதிக்குவாரு."

எழுதுகிறவர் பேனா மூடியைக் கழற்றினார். பதில் நுரையண்ணனின் நாக்கு நுனியில் இருந்தது. உள்ளங்கையில் இன்னும் அந்தச் சூடு இருந்தது.

"இல்ல சார்" என்றார். "அப்படிச் சொல்லல."

மறுநாளே அவரைத் தொட்டியிலிருந்து தூக்கிக் கழிவு அணைக்கு மாற்றினார்கள். ஆலை கக்கும் சேறு போய்த் தேங்கும் இடம் அது. குழாய் கசிகிறதா என்று பார்த்து நடப்பதுதான் வேலை, நிழலுக்கு ஒரு தகரக் கொட்டகை. நுரையண்ணனுடைய இடத்துக்கு வேறு ஆலையிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். மீசை நரைத்த, அடக்கமான மனிதர். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இரண்டு மாதம் போயிற்று. ஆலை வாசல் பலகையில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். கழிவில் உலோக இழப்பு முற்றிலும் நின்றுவிட்டதாம், கணக்கு இம்மியும் பிசகாமல் ஒத்துப்போகிறதாம், புதிய ஆபரேட்டருக்குப் பாராட்டாம். கூடவே அவர் தொட்டி பக்கத்தில் நிற்கும் போட்டோ. ஷிப்டு மாறும்போது ஆட்கள் நின்று படித்தார்கள். நுரையண்ணன் வருவதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஒருவன் மட்டும், "பெருசு போச்சு, நஷ்டமும் போச்சு" என்றான், மெதுவாகத்தான் சொன்னான். இன்னொருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அதே தொட்டி, அதே மருந்து. நஷ்டம் எப்படி நின்றது?

அன்று சாயங்காலமே சுத்தியல் அணைக்கு வந்து சேர்ந்தான். முகமெல்லாம் பூரிப்பு.

"மாமா, நீங்க எனக்காக வாயே திறக்கல. அக்கா சொன்னா. அன்னிக்கு ராத்திரி நான் தூங்கல மாமா. இனிமே மினுக்கலைத் தொடமாட்டேன்னு முடிவு பண்ணிட்டேன். ரெண்டு மாசமா கோட்டை விட்டு ஒரு சில்லு விலகல. எவன் கெஞ்சினாலும் கேக்கல. எல்லாம் உங்களுக்காகத்தான்."

"ஒன்பதாம் மட்டத்துக் கடைசி?" என்று கேட்டார் நுரையண்ணன்.

"மூடிட்டாங்க மாமா. பதினோரு பேரையும் அனுப்பிட்டாங்க. பாவம்தான். என்ன பண்றது, உண்மைன்னா உண்மைதானே?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே மனிதர் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டன. யாருக்காக மச்சான் மினுக்கலைப் பையில் போட்டானோ அந்தப் பதினோரு பேருக்கும் வேலை இல்லை. அவர் தொட்டியில் இருந்தவரை பொய் சாம்பிள், அவர் நகர்ந்த மறுநாளிலிருந்து உண்மைச் சாம்பிள். ஊரைக் கூட்டி விசாரித்தாலும், இந்த ஆள்தான் திருடியிருக்கிறான், போனதும் திருட்டு நின்றுவிட்டது என்றுதானே எவனும் சொல்வான்! எதிரிகூட இப்படிப் பொருத்தமாக மாட்டிவிட மாட்டான். இதைச் செய்ததோ அவருக்கு நல்லது செய்ய நினைத்த மச்சான்.

"நான் நல்லதுதானே மாமா பண்ணேன்?" என்றான் சுத்தியல்.

கொன்றுபோடலாம் போல இருந்தது. "நல்லதுதான்டா. போ, வீட்டுக்குப் போ" என்றார். அவன் போன பிறகு கொட்டகைக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

அந்த வாரக் கடைசியில் புது ஆபரேட்டரே அணைக்கு வந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க பெரிய வேலைக்காரர்னு பழைய ஆளுங்க சொல்றாங்க. அப்பேர்ப்பட்ட உங்க கையிலயே எங்க தவறிப்போச்சுன்னு சொன்னீங்கன்னா, நான் ஜாக்கிரதையா இருந்துக்குவேன். எனக்கும் குடும்பம் இருக்கு."

நுரையண்ணனின் வெள்ளைத் தட்டு கொட்டகைச் சுவரில் ஆணியில் மாட்டியிருந்தது. அதை எடுத்தார். இவரைக் கூட்டிக்கொண்டு போய்க் குழாய் வாயில் ஒரு தடவை முக்கிக் காட்டினால் போதும். முப்பத்தொரு வருஷமும் கழிவு இப்படிச் சுத்தமாகத்தானய்யா இருந்தது என்று சொல்லிவிடலாம். சொன்னால் இந்த மனிதர் கேட்பார், நல்ல மனிதர். கேட்டுவிட்டு, அப்படியானால் முன்பு பொய் சொன்னது யார் என்று அடுத்த கேள்வி கேட்பார்.

"மருந்தைக் கொஞ்சம் குறைச்சு விட்டுட்டேன்பா" என்றார். "வயசாச்சு இல்ல, கண்ணு சரியாத் தெரியல. அதான்."

வந்தவர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து அதைத் தேதி போட்டு எழுதிக்கொண்டார். போகும்போது கும்பிட்டார். நுரையண்ணன் பதிலுக்குக் கும்பிடக் கையைத் தூக்கினார். ஒரு கையில் தட்டு இருந்ததால் கை சேரவில்லை. "இதையும் எடுத்துட்டுப் போங்க, எனக்கு இனிமே எதுக்கு" என்று அதை அவர் கையில் கொடுத்தார்.