துரை கைகாட்டிய இடம்

தோட்டத்தை நடத்தும் துரை ஜீப்பிலிருந்து இறங்கவே இல்லை. கையை மட்டும் வெளியே நீட்டி, நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் இருந்த சரிவைக் காட்டி, "அங்க கட்டிக்கோ, பரவாயில்ல" என்றார். அவ்வளவுதான். ஜீப் கிளம்பிப் போய்விட்டது. சித்தப்பா தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி, அது வளைவில் மறையும் வரை நின்றார். பிறகு திரும்பி அந்தச் சரிவைப் பார்த்துச் சிரித்தார். புல் மண்டி, உடைந்த போத்தல்கள் சிதறிக் கிடந்த இடம் அது. கோழிகூட அங்கே மேயாது. அப்படிப்பட்ட இடத்தைப் பார்த்து ஒரு மனிதர் அவ்வளவு சந்தோசமாகச் சிரித்ததை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

அப்பாவின் தம்பி அவர். லுணுகலைக்குப் போகும் பாதையிலிருந்து மேலே ஏறும் ஒரு தேயிலைத் தோட்டத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு அடுத்த காம்பரா அவருடையது. நடுவில் ஒரு சுவர்தான். அவர் தும்மினால் நாங்கள் நூறு என்போம். பள்ளிக்கூடத்தை விட்டதும் மற்றப் பொடியன்களைப் போலவே கொழும்புக்குப் போய், ஒரு பேக்கரியில் சேர்ந்து, மாவு பிசைவதிலிருந்து போறணை என்கிற செங்கல் அடுப்பில் பாண் ரொட்டி வேக வைப்பதுவரை கற்றுக்கொண்டார். சூடான தட்டுகளின் விளிம்பு பட்டுப் பட்டு இரண்டு முழங்கைகளிலும் வரி வரியாகத் தழும்பு இருக்கும். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் மட்டும் வீட்டுக்கு வரும் மனிதராக இருந்தார். ஒருமுறை அப்படி வந்தபோது அவருடைய சின்ன மகள் அவரைக் கண்டு பயந்து சித்தியின் பின்னால் ஒளிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவர் கொழும்புக்குத் திரும்பவில்லை.

அந்த நாட்களில்தான் பதுளையில் ஒரு மண்டபத்தில் சுயதொழில் பயிற்சி நடந்தது; சித்தப்பாவும் போனார். தொழில்முயற்சியாளர் என்ற சொல்லை நாங்கள் முதலில் கேட்டது அங்கிருந்துதான். இப்போது அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏதோ எங்கள் ஆட்கள் இருநூறு வருசமாக முயற்சி செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் போல. பயிற்சி கொடுத்த அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். "வேலை தேடித் திரியாதேங்கோ தம்பிமார், வேலை குடுக்கிற ஆக்களா மாறுங்கோ" என்று அவர் பேசியதை, சித்தப்பா அதே ராகத்தில் பேசிக் காட்டி எங்களையெல்லாம் சிரிக்க வைப்பார். கேலி செய்தாரே தவிர, அந்தப் பேச்சில் ஓர் எழுத்தைக்கூட அவர் நம்பாமல் இருக்கவில்லை. பயிற்சி முடிந்து பாண் தட்டுகளும் மாவு பிசைய ஒரு பெரிய மேசையும் உதவியாகக் கிடைத்தன. போறணை கட்ட இடம்தான் இல்லை. அதைத்தான் துரை கைகாட்டிக் கொடுத்தார்.

செங்கல்லும் துரையின் வாயிலிருந்துதான் வந்தது. மூடிக் கிடந்த பழைய தொழிற்சாலையில், கொழுந்து காய வைக்கும் அடுப்பின் கற்கள் குவிந்து கிடந்தன. "எடுத்துக்கோ" என்றார் துரை. நெருப்புக்கென்றே செய்த கற்கள் அவை. லயத்து ஆட்கள் எல்லாரும் வேலை விட்டு வந்த பின் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுமந்து வந்து போட்டார்கள். போறணையின் தரைக்கு அடியில் சூடு தங்குவதற்கு உப்பும் மணலும் கண்ணாடித் தூளும் பரப்ப வேண்டும் என்று சித்தப்பா சொன்னார். அந்தச் சரிவில் கிடந்த உடைந்த போத்தல்களையே பொறுக்கி, சாக்கில் கட்டி இடித்தோம். குப்பையும் வீணாகவில்லை என்று சித்திக்கு ஒரே பெருமை.

எழுத்தில் ஏதாவது வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்கலாம். கேட்பது சுலபம். நாங்கள் பிறந்த காம்பராவுக்கே எங்களிடம் ஒரு துண்டு எழுத்து இல்லை. லயத்துக்கு முன்னால் கீரைப் பாத்தி போடுவது, மாட்டுக்கு ஒரு கொட்டில் கட்டுவது, கல்யாணத்துக்குப் பந்தல் போடுவது எல்லாமே துரை சொன்னால் சொன்னதுதான். பாட்டன் காலத்திலிருந்து அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. நான் அப்போது சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் படித்த திமிரில் அப்பாவிடம் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். "தொரைகிட்ட எழுதிக் குடுங்கன்னு கேக்கிறதா? அவர் பேச்சை நம்பலன்னு மூஞ்சியில சொல்ற மாதிரி இல்லையா?" என்று அப்பா என்னை ஒரு முறை முறைத்தார். கடிதம் கேட்பதற்குப் பதிலாக எல்லாரும் சேர்ந்து பங்களாவுக்குப் போய், துரைக்கு மாலை போட்டு, கையில் எலுமிச்சம்பழம் கொடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். எங்களுக்குத் தெரிந்த பத்திரப்பதிவு அதுதான்.

அதுவரை எங்களுக்குப் பாண் என்றால் டவுனிலிருந்து பாட்டுப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் வருவது. அது கீழே பாதையோடு போய்விடும்; மேலே வருவதற்குள் ஆறிப்போயிருக்கும். சித்தப்பாவின் போறணை எரியத் தொடங்கிய பிறகு, பெண்கள் மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் நேரத்துக்குச் சுடச்சுடப் பாண் இருக்கும். மழையில் நனைந்து, காலில் அட்டைக்கடி இரத்தத்தோடு வந்து நின்று, வாங்கிய பாணை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே பிய்த்துத் தின்ற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கொழும்பில் கடைகளில் நின்ற இரண்டு பொடியன்கள் ஊரோடு வந்து சித்தப்பாவிடம் வேலைக்குச் சேர்ந்தார்கள். அதிகாரி சொன்னபடியே அவர் வேலை கொடுக்கிற ஆளாகிவிட்டார். அந்த அதிகாரியே ஒருநாள் மேலே ஏறி வந்து, போறணைக்கு முன்னால் அவரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார். வேலை கூடியதும் சித்தி கொழுந்துக்குப் போவதை நிறுத்திக்கொண்டு, தோட்டத்துப் பதிவில் தன் பேரை வெட்டச் சொன்னார். அதைக் கேட்டு எங்கள் அம்மா மட்டும் முகம் சுளித்தார். வீட்டில் ஒருவருடைய பேராவது தோட்டத்தில் இருக்கும்வரைதான் காம்பரா நம்முடையது. ஒரு பேரும் இல்லையென்றால் தோட்டம் அதைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் சித்தி அன்று இருந்த உற்சாகத்தில் அதெல்லாம் யார் காதிலும் ஏறவில்லை.

பிறகு அந்தத் துரைக்கு மாற்றல் வந்தது. அழுதுகொண்டே மாலை போட்டு அனுப்பினோம். புதிதாக வந்தவர் இளவயசு, சிரிக்காத முகம். அவருடைய பங்களாவுக்கும் சித்தப்பா பாண் அனுப்பினார், அவரும் சாப்பிட்டார். மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் ஒரு நாள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"தம்பி, தொரை போறணைய எடுக்கச் சொல்றாரு. ஒருத்தனுக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கட்டுவாங்களாம்."

"பழைய தொரைதானேங்க எடம் காட்டுனாரு?"

"அவரு போயிட்டாரே. நீங்களாப் பார்த்து எடுத்துட்டா, வீட்டுக்காரம்மாவுக்குத் திரும்பப் பேர் போட்டுக் குடுக்கிறேன்னு சொல்றாரு. இல்லாட்டி காம்பராவும் போயிடும்னு சொல்லச் சொன்னாரு. நான் என்ன செய்யிறது, சொல்லுங்க."

அதுவும் வாய்ச்சொல்தான். ஆனால் இந்த வாய்ச்சொல்லுக்கு மட்டும் மறுபேச்சு கிடையாது.

சித்தப்பா தொழிலாளர் சங்கத்துத் தலைவரிடம் போனார். பேசுகிறேன் என்றவர் இன்றுவரை பேசிக்கொண்டுதான் இருக்கிறார். பதுளைக்குப் போய் அதிகாரியைப் பார்த்தார். அவர் உட்கார வைத்து, தேத்தண்ணீர் கொடுத்து, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "எங்கட திட்டத்துக்குள்ள காணி விசயம் வராது தம்பி. அது வேற பகுதி" என்றார். பிறகு, அடுத்த பயிற்சிக்கு வந்து புதிய ஆட்களுக்கு இரண்டு வார்த்தை பேச முடியுமா என்று கேட்டாராம். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் கோபம் இருக்கிறது. காலடியில் ஒரு சாண் நிலம் இல்லாத மனிதனிடம் தொழில் தொடங்கு என்று சொல்ல ஒரு மண்டபம், ஒரு மைக், மத்தியானச் சாப்பாடு எல்லாம் ஏற்பாடு செய்கிறார்கள். எங்கே தொடங்குவது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

அன்று இரவு சித்திதான் பேச்சை எடுத்தார்.

"போறணைய வேற எங்கயாச்சும் கட்டிக்கலாங்க. இந்தப் புள்ளைங்கள எங்க கொண்டு போய் வச்சுக்கிறது?"

சித்தப்பா மறுநாள் காலை எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கல் நெம்புகிற அலவாங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். தோட்டத்து ஆள் வந்து உடைக்கக் கூடாது, கட்டிய கையாலேயே பிரித்துவிடுகிறேன் என்றார். நெருப்பு அணைந்து நாளாகியும் உள்ளே கற்களில் சூடு இருந்தது. அவர் நெம்பி எடுத்துக் கொடுக்க, சித்தி வாங்கி அடுக்கினார். வேலை செய்த பொடியன்கள் இருவரும் தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களால் கிட்ட வர முடியவில்லை. காலையில் பேர் பதியும் பிரட்டுக்குப் போகிற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். கற்கள் தோட்டத்துச் சொத்து என்று டிராக்டர் வந்து ஏற்றிப்போனது. பழைய தொழிற்சாலையில், அவை முன்பு கிடந்த இடத்திலேயே கொட்டினார்கள். இன்னும் அங்கேயேதான் கிடக்கின்றன, பாசி பிடித்து.

சித்திக்குப் பேர் போட்டுக் கொடுத்தார்கள். காம்பரா தப்பியது. சித்தப்பா மறுபடி கொழும்புக்குப் போனார். முன்பு வேலை செய்த கடைக்கே, முன்பு தனக்குக் கீழே வேலை பழகியவனின் கீழே. பொடியன்களில் ஒருவன் அவரோடு போனான். மற்றவன் எல்ல என்கிற ஊரில் ஒரு ஹோட்டலில் வெள்ளைக்காரர்களின் பை தூக்குகிறான். சின்ன மகள் வளர்ந்துவிட்டாள். இப்போதெல்லாம் அப்பாவைக் கண்டு ஒளிவதில்லை. வாங்கப்பா என்று விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிடுகிறாள்.

நான் இப்போது பதுளையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். போன மாதம் வேறு வேலையாக அந்த மண்டபத்துக்குப் போனேன். அடுத்த பயிற்சிக்கான பேனரை வாசலில் கட்டியிருந்தார்கள். அதில் சித்தப்பா. இரண்டு கைகளிலும் பாண் தட்டை ஏந்திக்கொண்டு, நெற்றி வியர்வையோடு சிரித்துக்கொண்டிருந்தார். அங்கேயே நின்று அவருக்குப் போன் எடுத்தேன்.

"சித்தப்பா, ஒங்க படத்தைப் பெருசாப் போட்டுத் தொங்க விட்டிருக்காங்க. பாணோட நிக்கிறீங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். அவருக்குப் பின்னால் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது.

"பாப்பா, போறணை தெரியுதா?"

நிமிர்ந்து பார்த்தேன். அவரை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டியிருந்தார்கள். பின்னால் பச்சைப் பசேலென்று வேறு ஏதோ தேயிலை மலை.

"இல்ல சித்தப்பா."

"நாங்க எடுத்த படமெல்லாம் அந்தப் பழைய போனோட போயிடுச்சு. ஒண்ணுகூட இல்ல" என்றார். "கிட்டப் போய்ப் பாரு பாப்பா. ஓரத்துல, தட்டுக்குக் கீழ, கொஞ்சமாச்சும் தெரியும்."

பேனரில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டப் போனேன். தட்டுக்குக் கீழே பார்த்தேன். தழும்பு விழுந்த அவருடைய முழங்கைக்குப் பின்னால் பார்த்தேன். அங்கேயும் தேயிலைதான் இருந்தது.