முன் சீட்டுச் சத்தம்

"அந்தச் சத்தத்தை வாயால போட்டுக் காட்டுங்க" என்கிறார் எங்கள் தெரு மெக்கானிக். டை கட்டிய வண்டிக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கூச்சத்தோடு "கர்ர்... கர்ர்" என்கிறார். "தொண்டையிலயா, பல்லுலயா?" அந்தப் பெரிய மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை உறுமிக் காட்டுகிறார். அதற்குப் பிறகுதான் மெக்கானிக் வண்டியைத் தொடுவார்.

டாக்டரின் ஸ்டெதஸ்கோப்பைச் சுருக்கி, அவரை எல்லோரும் 'ஸ்டெத்' என்றுதான் கூப்பிடுகிறோம். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைச் சக்கரத்துக்குப் பின்னால் ஊன்றி, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, மறுகையால் சக்கரத்தைச் சுழற்றுவார். கண்கள் மூடியிருக்கும். பட்டறையில் ரேடியோ கிடையாது. சுவர்க் கடிகாரத்தையும் கழற்றிவிட்டார். "டிக் டிக்னு அது ஒரு பக்கம் உயிரை வாங்குது." போனில் பேசினாலும் கிசுகிசுப்புதான். "மனுஷன் என்ன திருட்டுத் தொழிலா பண்றாரு?" என்று அவர் மனைவி என் வீட்டுக்கு வந்து அலுத்துக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் ஒரு மதியம், டயர் மாற்றுவதற்காக அங்கே காத்திருந்தேன். ஒரு கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் மனைவி சில வயது இளையவர். முன் இருக்கை காலியாக இருக்க, அந்த அம்மா பின்னால் உட்கார்ந்திருந்தார். சத்தம் எப்படி வருகிறது என்று ஸ்டெத் வழக்கம்போல் கேட்டார். மனைவிதான் போட்டுக் காட்டினார். அடித்தொண்டையில் மெதுவாக எழுந்து, இழுத்து, பாதியில் அறுந்துபோகும் ஒரு சத்தம். கணவர் வெளியே போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார்.

அவர் காதில் விழாதபடி அந்த அம்மா சொன்னார்: "நான் முன்னால உக்காந்தாத்தாங்க வருது. இறங்கிட்டா வராது. ரெண்டு இடத்துல காட்டியாச்சு, பேரிங்கும் மாத்தியாச்சு." கொஞ்சம் தயங்கினார். "அவரோட முதல் சம்சாரம் அந்த சீட்லதான் உயிரை விட்டாங்க. எனக்கு இடம் விட அவங்களுக்கு மனசில்ல போல. பேசாம எங்கம்மா வீட்டுக்கே போயிடலாமான்னு இருக்கு."

ஸ்டெத் சிரிக்கவில்லை. "இருக்கலாம்மா. ஆனா எனக்குச் சக்கரத்தைத்தான் கழட்டத் தெரியும். முதல்ல அதைப் பாத்துடுவோம்."

பின் இருக்கையில் எடை வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். "நீங்க சும்மாத்தான உக்காந்திருக்கீங்க?"

முதலில் ஸ்டெத் ஓட்டினார், அந்த அம்மா பக்கத்தில். நிறுத்தும்போது சின்னதாக ஓர் உரசல், அவ்வளவுதான். அடுத்து கணவர் ஓட்ட, ஸ்டெத் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போதும் அதே சின்ன உரசல்தான். மூன்றாவது முறை, கணவர் ஓட்ட, அந்த அம்மா முன்னால் போய் உட்கார்ந்தார்; ஸ்டெத் பின்னால் என் பக்கத்தில்.

வண்டி நகர்ந்ததும் ஆரம்பித்தது. கல்லைக் கல்லின் மேல் வைத்து அரைப்பதுபோல, ஆனால் மூச்சின் ஏற்ற இறக்கத்தோடு, அந்த அம்மாவின் காலடியிலிருந்து வந்தது. அவர் கதவின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். நானும் எதையோ பிடித்துக்கொண்டிருந்தேன். ஸ்டெத் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தலையை நீட்டினார். சத்தம் கேட்கும்போது அவர் கண்கள் திறந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், உங்க இடது கால் எங்க இருக்கு?"

அது கியர் மாற்றத் தேவையில்லாத வண்டி. இடது காலுக்கு அதில் வேலையே இல்லை. கணவர் குனிந்து பார்த்தார். இடது கால் பிரேக்கின் மேல் லேசாக அழுத்தியபடி இருந்தது. யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன காலைப் பார்ப்பதுபோல அவர் அதைப் பார்த்தார். எடுத்தார். சத்தம் சட்டென்று நின்றது. மறுபடி வைத்தார். வந்தது.

வண்டியை ஓரங்கட்டினார்.

"அன்னைக்கு அவ, 'கொஞ்சம் நிறுத்துங்க'ன்னா" என்றார் கணவர், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. "வீடு வந்துடுச்சு, அந்தத் திருப்பம்தானேன்னேன். வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்தேன். வாசல்ல நிறுத்தி, 'இறங்கு'ன்னேன்."

அந்த அம்மா கைப்பிடியை விட்டுவிட்டு அவர் தோளைத் தொட்டார்.

பட்டறையில் அந்தப் பக்கத்துச் சக்கரத்தைக் கழற்றினார் ஸ்டெத். வெளிப்பக்கத்துப் பிரேக் பேட் பிஸ்கட் போலத் தடிமனாக இருந்தது. உள்பக்கத்துப் பேடில் எதுவுமே மிச்சமில்லை. வெறும் இரும்பு, சுழலும் தட்டை வரிவரியாக உழுதிருந்தது. பேடுகளை நகரவிடும் ஊசி துருவேறி இறுகியதால் முழு அழுத்தமும் உள்பக்கத்தின் மேலேயே விழுந்திருக்கிறது. "வெளியிலேர்ந்து எட்டிப் பாத்தா நல்ல பேடுதான் தெரியும். முன்னாடி பாத்த மெக்கானிக்குங்களைக் குத்தம் சொல்ல முடியாது. படக்குனு மிதிச்சா சின்ன உரசல். காலை மேலயே வச்சிருந்தா இந்த அழுகை. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா, நிறுத்தணும்னு மிதிக்கிறப்ப நின்னிருக்காது."

அந்த அம்மா தேய்ந்த இரும்பைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் சூடாக இருந்தது. "அப்போ, அவங்க இல்லீங்களா?"

"இது இரும்புமா" என்றார் ஸ்டெத். "இதை மட்டும்தான் என்னால சொல்ல முடியும்."

புதுத் தட்டும் பேடுகளும் மாட்டி, ஊசிக்கு கிரீஸ் தடவி, சக்கரத்தை முடுக்கினார். கணவரும் அவரும் ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். சத்தமில்லை. கணவர் இறங்காமல், "வா, முன்னால உக்காரு" என்று மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவே தயங்கி நின்றார்.

ஸ்டெத் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முன் கதவை அகலத் திறந்தார். திறந்தபடியே பிடித்துக்கொண்டு, ஓர் ஆள் இறங்கிப் போக எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம், தலையைச் சற்றுத் தாழ்த்தி ஒதுங்கி நின்றார். அப்புறம்தான் அந்த அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார்.