மழைக்குப் பயந்த பன்னிரண்டு தொட்டிகள்

தை மாதத்தில் பத்து நாள், தண்ணீர் ஊற்றாமல் இருக்கும் வேலையைப் பார்த்தேன்.

மனைவி தாவரவியல் ஆசிரியை. நாற்பத்தைந்தைத் தாண்டியபின் முனைவர் பட்டத்துக்குப் பதிந்துகொண்டவள். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் மொட்டைமாடியில், பாலித்தீன் கூரையின் கீழ், பன்னிரண்டு தொட்டிகளில் கோதுமை வளர்த்தாள். ஆறில் வறட்சி தாங்கும் ரகம், ஆறில் தாங்காத ரகம். மண் காயக் காய, பயிருக்குள் சில மரபணுக்கள் விழித்துக்கொள்ளுமாம். இலைத் துளைகளை மூடு, இலையைச் சுருட்டு, வேரை ஆழ அனுப்பு என்று உள்ளுக்குள்ளேயே சேதி போகுமாம். எந்த ரகத்தில் எது எவ்வளவு விழித்தது என்று பத்தாம் நாள் இலையைக் கிள்ளிப் பார்க்கவேண்டும். அதற்குள் வேர் நனைந்தால் எல்லாம் மறுபடி உறங்கிவிடும். இந்த ஊரில் கோதுமைக்கான குளிர் வருவதே சில வாரம்தான். விட்டால் ஒரு வருஷம் போச்சு.

பயிற்சிக்குக் கோயம்புத்தூர் கிளம்பும்போது சொன்னாள்: "பாவம்னு கவிதை எழுதுங்க, வேணாங்கல. தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க."

தினமும் மாலை தொட்டிகளை எடைபோட்டு நோட்டில் எழுதவேண்டும். தராசு எதிர்வீட்டு அக்காவுடையது. நெசவுக்குப் பட்டும் ஜரிகையும் நிறுப்பது. அதைத் தூக்கிக்கொண்டு அவரே படியேறி வருவார். "புள்ளைக்கு பாலு குடுக்காம டெய்லி வெயிட் பாக்குற வூட்ட இங்கதாம்பா பாக்கறேன்," என்பார்.

எனக்கு இருப்புக்கொள்ளாது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மாடிக்குப் போவேன். இலைகள் ஊசியாய்ச் சுருண்டுகொண்டு வந்தன. அவற்றின் எதிரில் தண்ணீர் குடிக்கக் கூச்சம். கீழே இறங்கிப் போய்க் குடிப்பேன்.

ஒன்பதாம் நாள் விடிகாலை, தெருவில் அக்கா வீட்டார் தறிக்கான நூலைப் பாவாக நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். "தூறுது, சுத்துபா, சுத்து" என்ற குரல் கேட்டுத்தான் எழுந்தேன். தை மாதத்தில் மழை. ஊரே மழைக்கு ஏங்கிக் கிடக்க, எங்கள் தெருவில் மட்டும் இரண்டு வீட்டார் அதற்குப் பயந்து ஓடினோம்.

மாடியில் பாலித்தீனின் ஓரம் காற்றில் பிய்ந்து தொங்கியது. இரண்டிரண்டாகத் தொட்டிகளைப் படிக்கட்டு அறைக்குள் சேர்த்தேன். கடைசி நான்கும் நனைந்து பளபளத்தன.

பாவைச் சுருட்டி உள்ளே போட்டுவிட்டு அக்கா தராசோடு வந்தார். நனைந்ததில் முதல் தொட்டி, நேற்று மாலை எழுதியதைவிட இருபது கிராம் கூடுதல்.

"கெடுத்துட்டேன்கா."

"இருப்பா. ஈரப் பட்டும் இப்பிடித்தான் பொய் வெயிட்டு காட்டும். தண்ணி உள்ள இருக்குதா, மேல இருக்குதான்னு பாக்க வேணாமா? நீ இலைய தொடை, நான் தொட்டிய தொடைக்கிறேன்."

ஒவ்வோர் இலையாக ஒற்றியெடுத்தேன், காய்ச்சல்காரக் குழந்தையின் விரல்களைத் துடைப்பதுபோல. மறுபடி நிறுத்தோம். நேற்றைவிட இரண்டு கிராம் குறைவு. மண்ணில் விரலை விட்டேன், புழுதி. மற்ற மூன்றும் அப்படியே.

மனைவியை அழைத்தேன்.

"ஊத்திட்டீங்களா?" என்றுதான் ஆரம்பித்தாள்.

"நான் இல்ல. மழை ஊத்த பாத்துது."

எடைகளை வரிசையாக வாசித்தேன். மறுபடி வாசிக்கச் சொன்னாள். பிறகு ஒரு நீளமான மூச்சு. "இலை நனைஞ்ச நாலையும் நோட்டுல தனியா எழுதி வைங்க. வேருக்குப் போகல, அது போதும். நாளைக்கு வந்து கிள்ளிக்கிறேன்."

"இன்னா சொல்லுச்சி டீச்சரம்மா?" என்றார் அக்கா.

"பொழச்சிதுன்னு சொல்லுது."

"யாரு, பயிரா, நீயா?" அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒரு சொம்பு தண்ணி குடுப்பா. மூச்சு வாங்குது."

கொண்டுவந்து கொடுத்தேன். அவர் குடித்து மிச்சம் வைத்ததை, பன்னிரண்டு தொட்டிகளுக்கும் எதிரில் நின்று, கடகடவென்று நானே குடித்தேன்.