கார் வாங்கக் கொண்டுபோன கயிறு

எங்கள் வீட்டுக்கு முதல் கார் வாங்கப் போன அன்றைக்கு என் மாமனார் மஞ்சப் பைக்குள் ஒரு புதுக் கயிறு வைத்துக்கொண்டார். முறுக்கேறிய நல்ல நூல் கயிறு, இரண்டு ஆள் நீளம் இருக்கும். எதற்கு மாமா இது என்று கேட்டேன். விற்கிறவன் கயிற்றோடு உருப்படியை ஓட்டிக்கொண்டு வரக் கூடாது, நம் கயிற்றைப் போட்டுத்தான் ஓட்டிவர வேண்டும் என்றார். மாட்டுக்கு அது சரி. சந்தையில் விலை படிந்ததும் விற்றவர் தன் கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொள்வார். வாங்கியவர் புதுக் கயிறு மாட்டி ஓட்டிக்கொண்டு போவார். காருக்கு எந்த இடத்தில் மாட்டுவீர்கள் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். ஏற்கெனவே எனக்கும் அவருக்கும் ஒரு மாதமாகச் சரியான பேச்சில்லை. எல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு குழந்தை சீட்டால் வந்த வினை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. தொண்டாமுத்தூர் பக்கம் தோட்டத்து வீட்டில் மாமனாரோடு குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் கணபதிப் பகுதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். நான் டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை பார்த்தேன். எங்களிடம் இருந்த ஒரே வண்டி ஸ்கூட்டர். அந்த வருஷம் லீவுக்கு வந்த நாத்தனார், தன் பையனுக்குச் சின்னதாகிப்போன கார் சீட்டை எங்கள் மகளுக்கென்று ஆகாய விமானத்தில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பூட்டு, பட்டை, பஞ்சு மெத்தை எல்லாம் வைத்த கனமான சீட். அதை வைக்கக் கார்தான் இல்லை.

ஒன்றரை வயது மகளுக்கு அதைக் கண்டதும் பிடித்துப்போயிற்று. டிவிக்கு எதிரில் அதைப் போட்டு ஏறி உட்கார்ந்தால்தான் வாயில் சோறு இறங்கும். ஊட்டி முடித்து இறக்கினால் ஊரைக் கூட்டுவாள். பார்க்க வந்த ஒறம்பரைக்காரர் ஒருவர், தூரத்துச் சொந்தம், அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, முடி வெட்டுகிற நாற்காலி எதற்கு வீட்டில் என்று கேட்டார். என் மாமனார் அதற்கு வைத்த பேர் கூண்டு.

எனக்கு மட்டும் அது விளையாட்டுச் சாமானாகத் தெரியவில்லை. அதற்குக் காரணம் என் வேலை. எக்ஸ்ரே அறைக்குத் தூக்கிவருகிற குழந்தைகளில் காரில் வந்து அடிபட்டவையும் இருக்கும். கூட வருகிற அப்பனோ தாத்தாவோ கேட்காமலே ஒன்றைச் சொல்வார்கள். மடியிலதானுங்க வச்சிருந்தோம். எல்லாரும் அதையேதான் சொல்வார்கள். படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வது டாக்டர் வேலை, நான் வாய் திறக்கக் கூடாது. ஆனால் கழுவி எடுத்த ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்த அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிடும். ஒரு நாள் என் மகள் வயதுக் குழந்தை ஒன்று வந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அந்தச் சீட்டில் உட்கார்ந்து தயிர்ச் சோறு தின்றுகொண்டிருந்தவளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கார் வாங்கினால் இவள் இதில்தான் வருவாள், இல்லாவிட்டால் கார் வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

அதில்தான் மாமனாருக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது. யார் காரில் போனாலும் முன்னால் இடது பக்க சீட் அவருடையது. மடியில் பேத்தி நிற்பாள், இரண்டு கையையும் டேஷ்போர்டில் ஊன்றிக்கொண்டு. தொண்டாமுத்தூர் ரோட்டில் டீக்கடைக்காரரிலிருந்து உரக்கடைக்காரர் வரைக்கும் அதைப் பார்க்க வேண்டும். காரில் போவதில் அவருக்கு வேறு எந்தச் சுகமும் தேவைப்படவில்லை.

"பேத்திய மடியில வெச்சுட்டுப் போவாத காரு எதுக்கு அம்மணி?" என்றார்.

மடி நிற்காது மாமா, பிரேக் அடித்தால் கை தாங்காது என்று சொன்னேன்.

"ஒத்தக் கையில காளையப் புடிச்சு நிறுத்துனவனுங் கண்ணு நானு. ஒரு கைப்புள்ளையப் புடிக்க மாட்டனா?"

ஒரு வாரம் என் கையால் காப்பி வாங்கிக் குடிக்கவில்லை. அவரே அடுப்படிக்குப் போய்ப் போட்டுக்கொண்டார். சர்க்கரை டப்பா என்று எடுத்து உப்பைப் போட்டுக் குடித்த அன்றும் முகத்தைச் சுளிக்காமல் கடைசி மடக்குவரை குடித்தார்.

புதுக் கார் எங்களுக்குக் கட்டுபடியாகாது. பழைய கார்தான் என்று முடிவாகி, ஞாயிற்றுக்கிழமை தோறும் தேடப் புறப்பட்டோம். வைத்துப் பார்க்காமல் எப்படி வாங்குவது? அதனால் சீட்டும் கூட வரும். டவுன் பஸ்ஸில் நடைவழியில் அதை வைத்து மகளை உட்காரவைப்போம். கண்டக்டர் அவளுக்கு டிக்கெட் வேண்டாம் என்று விட்டுவிட்டு நாற்காலிக்கு லக்கேஜ் போடுவார். இது போதாதென்று மாமனார் தனக்கு நம்பிக்கையான ஆள் ஒருவரையும் கூட்டிவந்தார். அவர் மாட்டுத் தரகர். நாற்பது வருஷமாகச் சந்தையில் நிற்கிறவர், அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு சொத்தை உருப்படி போனதில்லை என்றார். மாமா, இது கார் என்றேன். உருப்படி உருப்படிதான் என்று சொல்லிவிட்டார்.

முதலில் பார்த்தது சிங்காநல்லூரில் ஒரு சின்னக் கார். பின்னால் சீட்டை வைத்தால் முன்சீட்டை முழுக்க முன்னே தள்ள வேண்டியிருந்தது. மாமனார் அதில் ஏறி முழங்கால் இரண்டும் தாடையில் முட்ட ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தார். பிறகு இறங்கி, இந்த வண்டி நமக்கு ராசி இல்லை என்றார். அடுத்தது ஆபீசர்மார் போகிற அந்தப் பெரிய வெள்ளைக் கார். பின்சீட் கட்டில் அகலம். ஓட்டிப் பார்த்தபோது ஒவ்வொரு வளைவிலும் குழந்தை சீட் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்கு வழுக்கிக்கொண்டு போயிற்று. ஊஞ்சலாட்டம் இருக்கிறது, பிள்ளைக்குப் பிடிக்கும் என்றார் மாமனார். நல்லவேளை, அப்போது மகள் என் இடுப்பில் இருந்தாள்.

தரகர் அவர் பாட்டுக்கு அவர் முறைப்படிதான் எல்லாம் செய்தார். காரை முன்னால் நின்று ஒரு தடவை, பின்னால் நின்று ஒரு தடவை பார்ப்பார். கொஞ்ச தூரம் ஓட்டிப் போய்த் திரும்பி வரச் சொல்லி நடை பார்ப்பார். பானெட்டைத் தடவிச் சுழி தேடுவார். ஒரு காருக்கு வலது விளக்குக்கு மேலே ஒரு நெளிசல் இருந்தது. இது குடும்பத்துக்கு ஆகாத இடம் என்று தள்ளிவிட்டார். இன்னொருவரிடம் மாட்டுக்கு வயசு கேட்பது போல வண்டிக்கு எத்தனை பல் என்று கேட்டுப்போட்டு, குனிந்து முன்பக்கச் சல்லடைக்குள் உற்றுப் பார்த்தார். விற்கிறவரும் என்ன தோன்றியதோ, கூடவே குனிந்து பார்த்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கடைசியில் ஆர்.எஸ்.புரத்தில் ரிட்டையர் ஆன கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வீட்டில் ஒரு வெளிர்நீலக் கார் அமைந்தது. நான்கு கதவு. சீட்டைப் பின்னால் நடுவில் வைத்தால் கச்சிதமாக உட்கார்ந்தது, முன்னால் மாமனாரின் முழங்காலுக்கும் இடமிருந்தது. முன்சீட்டில் பெல்ட்கூட இருந்தது, கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே. பின்னால் ஒன்றும் இல்லை. ஏன் சார் இல்லை என்று கேட்டேன். அவர் உண்மையிலேயே யோசித்துவிட்டுச் சொன்னார்: "பின்னால உட்கார்றவங்க எங்கம்மா போயிடப் போறாங்க?"

அதற்குள் தரகர் தோள் துண்டை எடுத்துப் பேராசிரியர் கைமேல் போட்டு, அதற்கு அடியில் அவருடைய விரலைப் பிடித்துவிட்டார். சந்தையில் விலை பேசுவது அப்படித்தான். வாய் திறக்க மாட்டார்கள், எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அதுதான் விலை. பேராசிரியருக்கு என்ன தெரியும் பாவம். மோதிரத்தைக் கழற்றுகிறார் என்று நினைத்தாரோ என்னவோ, வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். இப்படி இழுத்துப்போட்டால் எப்படிங்க விலை பேசுவது என்று தரகர் வருத்தப்பட்டார். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியரின் மனைவி இறங்கி வந்தார். அந்தம்மா மாட்டுக்குப் பேர்போன காங்கேயம் பக்கம் பிறந்தவராம். தரகர் தயங்க, அவரே துண்டை இழுத்துத் தன் கைமேல் போட்டுக்கொண்டார். இரண்டு நிமிஷம் துண்டு மட்டும் அசைந்தது. தரகருக்கு வேர்த்துவிட்டது. விலை படிந்தது. தன் கார் எவ்வளவுக்குப் போயிற்று என்று பேராசிரியர் மனைவியிடம் காதோடு கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

மாமனார் பையிலிருந்து கயிற்றை எடுத்து, உங்கள் கயிற்றை அவிழ்த்துக்கொள்ளுங்கள் என்று பேராசிரியரைப் பார்த்துச் சொன்னார். பேராசிரியர் திருதிருவென்று விழித்தார். அந்தம்மா குனிந்து, பம்பரில் திருஷ்டிக்குக் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றை அறுத்து எடுத்துக்கொண்டார். இனி நம் கயிற்றைப் போட வேண்டும். மாமனார் கயிறும் கையுமாகக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஸ்டியரிங்கைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், எங்கும் இடம் தோதுப்படவில்லை.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. கயிற்றை என்னிடம் கொடுங்கள் மாமா என்று வாங்கி, குழந்தை சீட்டின் முதுகில் இருந்த ஓட்டை வழியாக விட்டு, டிக்கியைத் திறந்து, பின்சீட்டின் சாய்மானத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, எனக்குத் தெரிந்த மாதிரி ஒரு முடிச்சுப் போட்டேன். தபால் பார்சலுக்குப் போடுகிற முடிச்சுதான் எனக்குத் தெரியும். மாமனார் அதைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி பார்த்தார். பொறுக்க முடியவில்லை அவருக்கு.

"இதுக்குப் பேரு கட்டா? அக்கட்டால தள்ளிப் போ அம்மணி."

என் முடிச்சை அவிழ்த்தெறிந்துவிட்டு, சீட்டின் மேல் ஒரு முழங்காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். மிரளுகிற காளையைக் கட்டுத்தறியில் கட்டுகிற முடிச்சாம் அது. இரண்டு சுற்று, ஒரு குறுக்கு, ஒரு உள்கொக்கி. கட்டி முடித்துக் குலுக்கிப் பார்த்தார். கார் ஆடியது, சீட் ஆடவில்லை. தரகர் தலையாட்டினார். தன் எதிரியைத் தானே கட்டி உட்காரவைத்துவிட்டோம் என்று மாமனாருக்குப் பாதி வழி தாண்டும்போதுதான் உறைத்திருக்க வேண்டும். அங்கிருந்து வீடுவரைக்கும் உர்ரென்று வந்தார். கயிறு மட்டும் போதாது என்று எனக்கும் தெரியும்; பின்னால் ஒரு பெல்ட் வைத்துத்தர உக்கடத்தில் சீட் தைக்கிற பாய் ஒருவரிடம் சொல்லி வைத்தேன். அவர் நாள் கடத்திக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் இந்தக் கட்டுதான்.

முதல் தூரப் பயணம் பல்லடத்துக்கு, ஒறம்பரையில் ஒரு புதுமனை புகுவிழாவுக்கு. வீட்டுக்காரர் ஓட்டினார். பின்னால் நானும், கட்டிப்போட்ட சீட்டில் மகளும். முன்னால் மாமனார். மடி காலியாக இருப்பது அவருக்கு என்னவோ போலிருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடையில் வைத்தார், ஜன்னலில் வைத்தார், கடைசியில் சீர்த் தேங்காய் வைத்திருந்த மஞ்சப் பையைக் காலடியிலிருந்து எடுத்து மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள் மாமா என்றேன். காது கேட்காதவர் போல இருந்தார். பிளாஸ்டிக் உறை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

சூலூர் தாண்டி, எங்களுக்கு முன்னால் ஒரு கோழி லாரி போய்க்கொண்டிருந்தது. ஒரு கூண்டு கயிறு அறுந்து ரோட்டில் விழுந்து உடைந்தது. ரோடு முழுக்க வெள்ளைக் கோழி. வீட்டுக்காரர் மொத்தக் காலையும் பிரேக்கில் வைத்துவிட்டார். நான் முன்சீட்டில் போய் மோதினேன். முன்னால் டொம்மென்று ஒரு சத்தம் கேட்டது.

கார் நின்றதும் முதலில் மகளைப் பார்த்தேன். சீட் அங்குலம்கூட நகரவில்லை. பட்டைக்குள் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு, "அப்பாரு, கோழி!" என்று தாத்தாவைக் கூப்பிட்டுக் கை தட்டினாள். பானெட் மேல் ஒரு கோழி ஏறி நின்று எங்களை உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்பாரு கோழியைப் பார்க்கவில்லை. நெற்றியில் எலுமிச்சை அளவு வீங்கியிருந்தது. அதையும் தொட்டுப் பார்க்கவில்லை. மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பை மடியில் இல்லை. அவர் கையைப் பிய்த்துக்கொண்டு பறந்து, டேஷ்போர்டில் மோதிக் கீழே கிடந்தது. அதற்குள் இருந்த தேங்காய் இரண்டாக உடைந்து, தண்ணீர் அவர் வேட்டி மேலும் கால் மேலும் வழிந்திருந்தது. மகள் நின்றிருக்க வேண்டிய இடம் அது.

"ரெண்டு கையிலயும் புடிச்சுட்டுத்தான் இருந்தனுங் கண்ணு" என்றார்.

எக்ஸ்ரே அறையில் எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்ட அதே குரல். வீட்டுக்காரர் இறங்கிக் கோழிகளை விரட்டிக்கொண்டிருந்தார். மாமனார் மெல்ல இறங்கி, பின்கதவைத் திறந்து, குழந்தையைத் தொடாமல் கயிற்றை மட்டும் இழுத்துப் பார்த்தார். முடிச்சை ஒரு தடவை தடவினார். பேத்தி அவர் நெற்றியைப் பார்த்து, "பந்து" என்றாள். கதவைச் சாத்திவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"என்னையுங் கட்டிப்போடு அம்மணி."

எட்டி அந்த பெல்ட்டின் பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். அவர் நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுவந்து மாட்டினேன். அவர் அதை இரண்டு தடவை வெடுக்கென்று இழுத்துக் குலுக்கிப் பார்த்தார். பிறகு கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, போலாம் என்றார்.