கூகைக்கரட்டு ஆட்கள்

ஏசுவடியான் எங்கள் கல்லூரியில் வரலாறு நடத்தினார். நான் வேதியியல். எண்பதுகளில் அருப்புக்கோட்டையில் வாத்தியார் என்றால் டியூஷன் எடுப்பார், இல்லாவிட்டால் நிலம் வாங்கிப் போடுவார். இவர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு, போட்ட வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் நரிக்குடி பஸ்ஸைப் பிடித்துப் போய், கரடு என்று நாங்கள் சொல்லும் பாறைக்குன்றுகளில் ஏறி இறங்கினார். ராஜாக்கள் வருவதற்கு முன்னால் இந்தக் காட்டில் யார் இருந்தார்கள் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். எனக்கு இந்த மாதிரி ஆசாமிகளைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் ஒரே வயது, ஒரே தெரு, விட முடியவில்லை.

“கல்லுகிட்ட மணிக்கணக்காப் பேசுறாக. வீட்டுல கேட்டா ஒரு பதில் வரமாட்டேங்குது” என்பார் அவர் மனைவி ஞானப்பூ. பாளையம்பட்டியில் பள்ளிக்கூட டீச்சர். வாய்தான் அப்படி, ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பதும் அவர்தான்.

எண்பத்து மூன்றில் ஏசுவடியானுக்குக் கிடைத்தது அந்தச் சுவர். திருச்சுழி தாண்டி, ரோட்டை விட்டு உள்ளே தள்ளிக் கூகைக்கரடு. அதன் மேற்குப் பக்கத்தில் பாறை கூரை போல நீட்டிக்கொண்டிருக்கும், ஆடு மேய்ப்பவர்கள் வெயிலுக்கு ஒதுங்குவார்கள். என்னையும் இழுத்துப் போய்க் காட்டினார். முதலில் பறவை எச்சம் என்றுதான் நினைத்தேன். பொழுது சாய்ந்து வெளிச்சம் உள்ளே வந்ததும் தெரிந்தார்கள். விரல் நீளத்துக்கு வெள்ளை ஆட்கள், கைகோத்து வரிசையாக நின்றார்கள். பக்கத்தில் மாடோ மானோ ஒன்று. எனக்குப் புல்லரித்துவிட்டது, அதை மறைக்க மாட்டேன்.

“எழுத்தே இல்லாத காலத்து ஆளுக ராமசுப்பு. நம்ம பக்கம் இப்படி ஒண்ணை யாரும் பாத்ததே இல்ல” என்றார்.

அதுவே அவருடைய டாக்டர் பட்ட ஆராய்ச்சி ஆனது. போட்டோ எடுத்தார், மங்கிய பாறையில் மங்கிய வெள்ளை, ஒன்றும் விழவில்லை. தாளை வைத்து வரைந்து அனுப்பினார். “தாளில் யார் வேண்டுமானாலும் வரையலாம், நானே நேரில் பார்க்க வேண்டும்” என்று மதராஸில் இருந்த அவருடைய நெறியாளர் சொல்லிவிட்டார். சொன்னவர் வந்தாரா? ஒரு வருஷம் மழை, ஒரு வருஷம் மகள் கல்யாணம், ஒரு வருஷம் முதுகுவலி. ஏசுவடியானின் அத்தனை வருஷ உழைப்புக்கும் சாட்சி அந்தச் சுவர் ஒன்றுதான்.

எண்பத்து எட்டில் கல்குவாரிக்காரர்கள் வந்து கரட்டில் சிவப்பு மையால் நம்பர் போட்டார்கள். இவர் எழுதிய மனுக்களுக்கு ஓர் ஆபீஸிலிருந்தும் பதில் இல்லை. கடைசியில் அடிவாரத்து ஊருக்கே போய், நிலபுலம் உள்ள பெரிய சம்சாரியான கோட்டைச்சாமியையும் ஊர்க்காரர்களையும் மேலே கூட்டிப் போய்ச் சுவரைக் காட்டினார். நானும் கூட இருந்தேன்.

“இது ஆரு சார் வரைஞ்சது?” என்று கேட்டார் கோட்டைச்சாமி.

“இந்த மண்ணுல மொதல்ல இருந்தவுக. நம்ம பாட்டன் பூட்டனுக்கெல்லாம் முன்னாடி.”

“அப்ப எங்க முன்னோரா?”

“ஒங்களுக்கும் எனக்கும், எல்லாருக்கும் முன்னோருதான்.”

கோட்டைச்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். “இத்தன நாளும் இங்கன ஆட்டைக் கட்டிப் போட்டோமே. இனி நாங்க பாத்துக்கிர்றோம், நீங்க போங்க சார்.”

அந்த வாரமே நெறியாளரும் பங்குனியில் வருவதாக எழுதிவிட்டார். ஏசுவடியானுக்குக் கால் தரையில் பாவவில்லை. பரீட்சை வேலை வந்துவிட்டதால் இரண்டு மாதம் கரட்டுப் பக்கம் போக முடியவில்லை. இடையில் மாசி சிவராத்திரி வந்தது. எங்கள் சீமையில் யார் எங்கே பிழைத்தாலும் அன்றைக்குக் குலதெய்வத்தைத் தேடிப் போய்விடுவார்கள். கும்பிடுவதற்கு முன்னால் கோயிலுக்கு வெள்ளையடித்துக் காவி பூசுவது வழக்கம். எனக்கும் இது தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் கூகைக்கரட்டை நாங்கள் யாரும் அதோடு சேர்த்து நினைக்கவில்லை.

சிவராத்திரி கழிந்து கோட்டைச்சாமி ஆள் விட்டிருந்தார், இருவரும் போனோம். குவாரிக்காரர்கள் மூட்டை கட்டிவிட்டார்களாம், ஊரே கோயிலாக்கிவிட்ட பாறையில் வெடி வைக்க எவனுக்கு மனசு வரும்? மேலே ஏறினோம். சுவர் முழுக்க வெள்ளை, அதன்மேல் பட்டை பட்டையாகக் காவி. மாலை தொங்கியது.

“மங்கிப்போய்க் கெடந்தாக சார். ஊரே சேந்து ரெண்டு கோட்டு அடிச்சோம்” என்றார் கோட்டைச்சாமி. அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

ஏசுவடியான் சுவரைத் தொட்டார். விரலில் வெள்ளை ஒட்டியது.

“ராமசுப்பு, இது போகுமா?” என்றார் மெதுவாக.

“காஞ்ச சுண்ணாம்பு கல்லு மாதிரிலே. சுரண்டினா அடியில இருக்கதும் சேந்துதான் வரும்.”

பஸ் போய்விட்டது என்று யாரோ சொன்னதுபோலத் தலையை ஆட்டினார். எனக்கு வந்த கோபத்துக்குக் கோட்டைச்சாமியை நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தேன். ஏசுவடியான் என் கையைப் பிடித்து அமுக்கினார்.

“நல்லா இருக்கா சார்?”

“நல்லா இருக்கு.”

முதல் மரியாதை அவருக்குத்தான் என்று வைத்திருந்தார்கள். வேதக்காரர் என்பதால் திருநீறு கொடுக்காமல், மாலை போட்டுப் பழம் மட்டும் கொடுத்தார்கள். குனிந்து வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், “ஏலே, ஏன் சொல்லல?”

“சொன்னா, நம்ம முன்னோர நாமளே அழிச்சுட்டோம்னு காலத்துக்கும் கெடந்து வேகுவாக.”

“ஒனக்கு?”

“எனக்கு ஒண்ணும் தோணல ராமசுப்பு. அழுகையும் வரல.”

நெறியாளரை வர வேண்டாம் என்று தந்தி கொடுத்தார். ஆராய்ச்சி அதோடு நின்றது. பாடம் நடத்தினார், பேப்பர் திருத்தினார், வைத்ததைச் சாப்பிட்டார். வேறு எந்தக் கரட்டிலும் ஏறவில்லை. “ஒரு நாளாச்சும் என்னையத் திட்டுங்களேன்” என்று ஞானப்பூ கேட்டுப் பார்த்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டுச்சோறுகூடக் கட்டி வைத்தார். அது சாயங்காலம் வரை அப்படியே இருக்கும். மாசி சிவராத்திரிக்கு மறுநாள் மட்டும் கூகைக்கரட்டுக்குப் போய் மாலை வாங்கிக்கொண்டு வருவார். வருஷத்துக்கு வருஷம் சுண்ணாம்பும் ஒரு கோட்டு ஏறிக்கொண்டே போனது.

தொண்ணூற்றாறில் அவர் ஓய்வு பெற்றார். அந்த மாசியில் நானும் கூடப் போனேன். கோட்டைச்சாமி தளர்ந்துவிட்டார், இரண்டு பேர் தாங்கி மேலே கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். சுவரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் பொங்கல் பானைப் பக்கம் போனதும் ஏசுவடியானைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“சார், அன்னைக்கிக் காட்டுனீகள்ல, கைகோத்து நின்னவுக. எம் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாம்னு தேடுறேன், ஒருத்தரையும் காணோம். உள்ள இருக்காகல்ல?”

அவருக்கு எப்போதிலிருந்து சந்தேகம் என்று எனக்குத் தெரியாது. கண் கலங்கியிருந்தது. ஏசுவடியான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“இருக்காக. பத்திரமா இருக்காக” என்றார்.