தறிச் சத்தத்துக்குள் மூச்சு எண்ணச் சொன்னவர்

சிக்கந்தர் பாய் இறந்த செய்தி எனக்குச் சத்தமில்லாமல்தான் வந்தது. இருபத்துநாலு விசைத்தறி ஓடுகிற கொட்டகையில் வேறு எப்படி வரும்? நான் ஏழாம் தறிக்கு அடியில் படுத்து நட்டு முறுக்கிக்கொண்டிருந்தேன். தறி ஓட்டுகிற இருளப்பன் வந்து என் காலைத் தட்டினான். எழுந்து பார்த்தேன். எங்கள் தொழிலில் பேச்சுக்கு வாய் உதவாது, கைதான். அவன் தாடியைத் தடவிக் காட்டினான். பாய் வந்திருக்கிறார் போல என்று நினைத்து, சிரித்துக்கொண்டே 'டீ சொல்லு' என்று கையால் காட்டினேன். இருளப்பன் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு இரண்டு கைகளையும் விரித்தான்.

விடியக்காலைத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவ்வளவுதான்.

பாயைத் தெரிந்த உங்களுக்கு என்னையும் தெரியும். அருப்புக்கோட்டையில் என்னை மிஞ்சின ஃபிட்டர் கிடையாது. கோயம்புத்தூரிலிருந்து இன்ஜினியர்கள் வந்து என் வேலையைக் கைகட்டி நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வந்தது ஒரே ஆள், அவரும் வழி கேட்க வந்தவர் என்று இருளப்பன் சொல்வான். அவனுக்குப் பொறாமை. நான் படித்தது எட்டாம் வகுப்பு, ஆனால் ஒன்பதின் வாசல்படி வரை போனவன். ஆகவே இதை நானேதான் எழுதுகிறேன். கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் பாயை நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் அவருக்கும் பழக்கமானது என் ரத்தக் கொதிப்பால். ஒருநாள் கொட்டகையிலேயே தலைசுற்றி விழுந்துவிட்டேன். டாக்டர் அளந்து பார்த்தபோது கருவியின் முள் உச்சிக்குப் போய், மேலே போக இடமில்லாமல் திரும்பி வந்தது. மாத்திரை கொடுத்து, "யோகா, தியானம்னு ஏதாவது செய்யுங்க" என்றார். அந்த வாரமே என் வீட்டுக்காரி பேச்சியம்மாள் ஒரு பையில் நாலு சேலையை எடுத்துக்கொண்டு பந்தல்குடியில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். "இந்த மனுசன் தண்ணி கேக்குறதே சண்டைக்குக் கூப்பிடுற மாதிரி இருக்கு. ஒங்க கொதிப்பு எறங்குனதும் சொல்லி விடுங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். ஒரு மாதம் ஆயிற்று. அவள் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. பெரிய ஃபிட்டர் அல்லவா, கூப்பிடுவேனா?

பஜாரில் லுங்கி, துண்டு விற்கிற சிக்கந்தர் பாய் மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறார் என்றார்கள். என்னைவிட எட்டு வயது இளையவர். சவூதியில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். அங்கே ஒரே அறையில் மேலும் கீழுமாகப் பன்னிரண்டு பேர் படுக்கை. ஒருத்தர் டிவி, ஒருத்தர் குறட்டை, ஒருத்தர் போனில் பெண்டாட்டியோடு சண்டை. அந்த மேல்கட்டிலில் உட்கார்ந்துதான் ஒரு மலையாளத்துக்காரரிடம் இதைக் கற்றுக்கொண்டாராம். பிறகு ஊருக்கு வந்து முறையாகவும் படித்தார். அவரிடம் பத்தாயிரம் பேர் படித்திருப்பார்கள். எங்கள் வகுப்பில் ஐந்து பேர்.

முதல் நாள் அவர் வீட்டு மொட்டைமாடியில் விடிகாலையில் உட்காரவைத்தார். இருளப்பனும் சேர்த்து ஐந்து பேரும் எங்கள் கொட்டகைத் தறிக்காரர்கள். கண்ணை மூடச் சொன்னார். காக்காய் கூடக் கத்தவில்லை, அவ்வளவு அமைதி. கொஞ்ச நேரம்தான் தாங்கினேன். எழுந்து படிக்கட்டுக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தால் மற்ற நாலு பேரும் என் பின்னால் ஓடி வருகிறார்கள்.

"எங்க அண்ணாச்சி ஓடுறீக?" என்றார் பாய்.

"கரண்டு போயிருச்சுல்ல பாய்!"

பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் நான் பொய் சொல்லவில்லை. சத்தம் நின்றால் தறி நின்றது, தறி நின்றால் எங்கள் பிழைப்பு நின்றது. நாற்பது வருடமாக அமைதி என்றாலே எங்களுக்குக் கூலி போன நாள். வேறு ஆளாக இருந்தால், பழகினால் சரியாகிவிடும் என்று எங்களை அங்கேயே உட்கார்த்தியிருப்பார். பாய் மறுநாள் ஒரு கோரைப்பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் கொட்டகைக்கே வந்துவிட்டார். இருபத்துநாலு தறியும் ஓடிக்கொண்டிருக்க, பாவு நூல் சுற்றிய உருளைகளுக்குப் பக்கத்தில் விரித்து உட்கார்ந்தார். அந்தச் சத்தத்தில் பேச முடியாதென்று எங்களை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார்: "அது பாட்டுக்கு ஓடட்டும். நீங்க மூச்ச மட்டும் எண்ணுங்க."

திரும்ப உள்ளே வந்து எண்ணினேன். முடிந்து வெளியே வந்ததும், "நூறு மூச்சு பாய், ஒன்னுகூடத் தவறல" என்றேன்.

"நெசமா எத்தனை?"

"அறுபது இருக்கும்."

"நெசமா?"

"பதினொன்னு."

"பதினொன்னு நல்ல கணக்கு அண்ணாச்சி" என்றார், முகத்தில் கேலியே இல்லாமல். "எதை வேணாலும் கூட்டிச் சொல்லலாம். மூச்சக் கூட்டிச் சொல்ல முடியாது. உள்ள போனது ஒன்னுன்னா ஒன்னுதான்."

என் ஆயுளில் நான் சொன்ன சிறிய கணக்கை ஒருவர் நல்ல கணக்கு என்றது அதுதான் முதல் தடவை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழிந்திருக்கும். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவன் சட்டென்று எழுந்து, ஒன்பதாம் தறியை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். ஊடை நூலோடு குறுக்கே பாய்கிற நாடா இடித்து ஓடுகிற சத்தம். பார்த்தால் நாடாவின் முனை பிளந்திருந்தது. இன்னும் பத்து நிமிடம் ஓடியிருந்தால் தெறித்து யார் கண்ணையாவது பதம் பார்த்திருக்கும். இதில் நான் ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை. இருளப்பனே சாட்சி.

பாய் அசந்துபோனார். வெளியே டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்து கேட்டார். "இருபத்துநாலு தறியில ஒன்பதாவதுதான்னு எப்படித் தெரிஞ்சுது?"

"காது பாய்! இந்தக் காதை மதுரையில கண்காட்சிக்கே கேட்டாக."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நீங்க ஒங்க ஆயுசு பூரா தியானம் பண்ணிக்கிட்டுத்தான் இருந்திருக்கீக. நான் புதுசா சொல்லித்தர ஒன்னுமில்ல. ஆனா ஒன்னு கேக்குறேன், கோவிச்சுக்காதீக. கொட்டகையில இருபத்துநாலு தறி. வீட்டுல ஒத்த ஆளு. அவுக சத்தம் எப்படிக் கேக்காமப் போச்சு?"

டீயைப் பாதியில் கீழே வைத்துவிட்டேன். நான்! உங்களால் நம்ப முடியாது.

"பந்தல்குடிக்குப் போங்க" என்றார். "எதுவும் பேசாதீக. இருபது மூச்சு எண்ணுற வரைக்கும் அவுக சொல்றத மட்டும் கேளுங்க. ஒன்பதாம் தறியக் கேட்ட அதே காது."

போனேன். மகள் வீட்டு முற்றத்தில் பேச்சியம்மாள் புளி கொட்டையெடுத்துக்கொண்டிருந்தாள். "என்ன, வாய் வலியா? பேசாம நிக்கிறீக" என்றாள். நான் எண்ணிக்கொண்டு நின்றேன். நாலாவது மூச்சில் அவள் பேச ஆரம்பித்தாள்.

"நீங்க விழுந்துட்டீகன்னு கேட்டதும் தலைக்கு ஊத்திக்கிட்டு இருந்தவ, ஈரத்தலையோட கொட்டகைக்கு ஓடியாந்தேன். செருப்புக்கூடப் போடல. போயிட்டீகன்னே நெனச்சேன். வாசலுக்கு வந்தா, அம்புட்டுப் பேருக்கு முன்னாடி 'ஏன்டி இங்க வந்த, போடி'ன்னு கத்துனீக. நானும் மறுநாளு சொன்னேன், அதுக்கு மறுநாளும் சொன்னேன். பாதி சொல்லுமுன்ன பதில் சொல்லிருவீக. இத்தன வருசத்துல நான் ஒரு பேச்சையாவது முடிச்சிருக்கேனா?"

நான் கொட்டகையில் விழுந்த கதையை அருப்புக்கோட்டை முழுக்கச் சொன்னவன். விழுந்து எழுந்து அந்தத் தறியையும் சரிபண்ணிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்று சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் கூட்டிச் சொல்கிற நான், ஈரத்தலையோடு ஒருத்தி வாசலில் நின்றதை மட்டும் எந்தக் கடையிலும் சொன்னதில்லை.

அன்றைக்கு இருபது மூச்சு முடிந்தும் வாயைத் திறக்கவில்லை. அவளும் நிறுத்தவில்லை. கடைசியில், "தப்புத்தான்" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மாத்திரை ஒழுங்கா போடுறீகளா?" என்று கேட்டாள். மறுநாள் பஸ்ஸில் அவளும் பையும் என்னோடு வந்தார்கள்.

மையவாடியில் பாயை அடக்கம் செய்தபோது நானும் மூன்று கை மண் போட்டேன். திரும்பும் வழியில் டீக்கடையில் ஒருவன், "யோகா யோகான்னாரு, அறுபது கூட ஆகல, போயிட்டாரே" என்றான். பழைய ஆளாக இருந்தால் அவன் சட்டை என் கையில் இருந்திருக்கும். மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னேன். "ஏலே, சாகாம இருக்க அவுக யாருக்கும் சொல்லித்தரல. இருக்குற வரைக்கும் பக்கத்துல இருக்குறவுக பேச்சக் கேட்டு இருக்கத்தான் சொல்லித்தந்தாக."

அன்று சாயங்காலம் கொட்டகையில் இருபத்துநாலு தறியையும் நிறுத்தினோம். நாங்களாக நிறுத்தியது. பேச்சியம்மாளும் வந்திருந்தாள். நான் விழுந்த அன்றைக்கு அவள் நின்ற அதே வாசலில் ஒரு ஸ்டூலை எடுத்துப்போட்டு, "உக்காரு" என்றேன். பாய் உட்கார்கிற இடத்தைக் காலியாக விட்டு ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்து கண்ணை மூடினோம். அவ்வளவு பெரிய கொட்டகையில் எங்கள் மூச்சுச் சத்தம் எங்களுக்கே கேட்டது. ஒருத்தரும் எழுந்து ஓடவில்லை.

முடிந்ததும் இருளப்பன், "எத்தனை அண்ணாச்சி?" என்றான்.

"நூறுக்குக் குறையாது" என்றேன்.

வாசலிலிருந்து பேச்சியம்மாள் கேட்டாள். "நெசமா எத்தனை?"

பாய் எனக்கென்று விட்டுப்போன சொத்து அந்தக் கேள்விதான். கேட்கவும் வீட்டிலேயே ஒரு ஆளை விட்டுப்போயிருக்கிறார்.

"நாலு" என்றேன். ஐந்தாவதில் பாய் உட்கார்கிற இடம் நினைவுக்கு வந்தது, எண்ண முடியவில்லை.